இன்னொரு சாவி கழுகுமலையில்

கழுகுமலை
27.8.2008

அன்பு மச்சானுக்கு, ஆஷா எழுதுவது.

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். திருப்பூரிலிருந்து கோவில்பட்டி வரைக்கும் பாண்டியம்மாள் அக்கா கூடவே வந்து, கழுகுமலை பஸ்ஸில் ஏற்றிவிட்டுத்தான் அவர்கள் ஊருக்குப் போனார்கள். நீங்கள் வந்திருக்கலாம். ஒரு நாள் லீவு கேட்டால் முதலாளி தலையையா சீவிவிடுவார்? சரி, வந்ததும் வராததுமாகச் சண்டை வேண்டாம்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் "இந்த வாசப்படியை மிதிச்சிராத" என்று சொன்ன அம்மா, வாசலிலேயே தண்ணீர்ச் செம்போடு நின்றாள். என் வயிற்றைப் பார்த்தாள், அழுதாள், சோறு போட்டாள். உங்களைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானாக "அவங்க நல்லா இருக்காங்கம்மா" என்றேன். தீப்பெட்டி ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போய்விட்டாள்.

போனில் பேச இங்கே வழியில்லை. பக்கத்து வீட்டில் செல்போன் இருக்கிறது, ஆனால் அதில் பேசுவதும் சர்ச் மைக்கில் பேசுவதும் ஒன்றுதான். உங்கள் செல்லோ பாதி நேரம் சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடக்கிறது. அதனால் எழுதுங்கள். வாரம் ஒன்றாவது எழுதுங்கள்.

ஒரு கிறுக்குத்தனம் செய்துவிட்டேன். தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன், பூட்டை அங்கேயே ஆணியில் மாட்டிவிட்டு வந்துவிட்டேன். சாவி ரெண்டும் என் கழுத்துச் செயினில் கிடக்கின்றன. பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருக்கிறேன்.

நான் செக்கிங் டேபிளில் உட்கார்ந்திருந்த வரைக்கும், துணி காயவைக்கிற அந்த டிரையருக்குள் நீங்கள் ரிப்பேருக்கு நுழையும்போதெல்லாம் என் ஒரு கண் துணியிலும் ஒரு கண் சுவிட்சு போர்டிலும் இருக்கும். இப்போது பார்க்க நான் இல்லை. பொன்னுச்சாமி அண்ணனைப் போர்டுப் பக்கத்தில் நிற்க வைத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். பீடி பற்றவைக்கக்கூட அவர் நகரக் கூடாது.

உங்கள் ஆஷா


நெருப்பெரிச்சல்
5.9.2008

அன்புள்ள ஆஷாவுக்கு,

கடிதம் கிடைத்தது. உன் அம்மா சோறு போட்டது தெரிந்து நிம்மதி. என்னைக் கேட்காவிட்டால் போகிறது. பிடிக்காத மருமகனைப் பற்றிக் கேட்காமல் இருப்பதும் ஒரு மரியாதைதான்.

இங்கே சமையல் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. ரசம் வைத்தேன். பொன்னுச்சாமி அண்ணன் குடித்துவிட்டு, "தம்பி, இது எந்தக் கலரு சாயம்?" என்று கேட்டார்.

கரண்ட் கட் இப்போது தலைவிரித்து ஆடுகிறது. காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, நினைத்தால் சாயங்காலம் ஒரு தடவை. தீபாவளிக்குள் கப்பலுக்குப் போகவேண்டிய துணி மலையாகக் கிடக்கிறது. உனக்குத்தான் தெரியுமே, மிஷின் ஓடும்போது நிறுத்த விடமாட்டார்கள். அதனால் கட் நேரம்தான் எங்களுக்கு வேலை நேரம். கரண்ட் போயிற்று என்று சத்தம் கேட்டதும் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு உள்ளே இறங்கிவிடுவோம். கவர்மெண்டே சுவிட்சை அணைத்துக் கொடுக்கும்போது நாம் வேறு எதற்கு அணைக்கவேண்டும் என்பார் பொன்னுச்சாமி அண்ணன். நம் லைனில் எல்லாக் கம்பெனியிலும் இதே கதைதான்.

முதலாளி பெரிய ஜெனரேட்டர் ஒன்று வாங்கிப் போட்டிருக்கிறார். லைன் போனதும் தானாகவே ஸ்டார்ட் ஆகி, தானாகவே மாற்றிக்கொள்ளும். அவர் மகன் கவின் தம்பிக்கு ஒரே பெருமை. ஜெனரேட்டர் வந்ததும் ஆள் போய்ப் பட்டனை அமுக்குகிற நேரம்கூட வீணாகக் கூடாது, டிரையரில் காற்றடிக்கிற பிளோயர் தானாக ஓடட்டும் என்றார். அந்தக் கனெக்‌ஷனையும் நான்தான் போட்டுக் கொடுத்தேன்.

அதில் ஒரு கூத்து கேள். முந்தாநாள் வழக்கம்போலக் கட் ஆனது. வழக்கம்போல நானும் உள்ளே போனேன். பழைய பழக்கம், ஜெனரேட்டர் என்ற ஒன்று இருப்பதே மறந்துவிட்டது. பாதி தூரம் தவழ்ந்திருப்பேன், கடகடவென்று பிளோயர் எல்லாம் சுற்ற ஆரம்பித்துவிட்டது. துணித்தூசி பறந்த பறப்பில் நான் வெளியே வந்து விழுந்தபோது, பொங்கலுக்கு வெள்ளையடித்த சுவர் மாதிரி இருந்தேனாம். பொன்னுச்சாமி அண்ணன் ஐயோ ஐயோ என்று குதித்ததைப் பார்த்து லேபர் பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பெல்ட்டிலிருந்து கை ஒரு முழம் தள்ளித்தான் இருந்தது, பயப்படாதே.

மாத்திரையை மறக்காமல் சாப்பிடு. வெயிலில் அலையாதே.

உன் மாரி


கழுகுமலை
12.9.2008

மச்சானுக்கு,

நீங்கள் சிரித்துக்கொண்டே எழுதியதை நான் சிரிக்காமல் படித்தேன். ரெண்டாம் தடவை படிக்கும்போது வயிற்றில் பிள்ளை ஒரு உதை விட்டது. அதற்கும் சிரிப்பு வரவில்லை போலிருக்கிறது.

கை ஒரு முழம் தள்ளி இருந்ததாம். முழம் போட்டு அளந்தீர்களா? அந்த நேரத்தில் போர்டில் சுவிட்சை இறக்கினீர்களா இல்லையா, அதை ஏன் எழுதவில்லை? கழுவுற மீனில் நழுவுற மீன் நீங்கள். நான் சொல்கிறேன், இறக்கவில்லை. பொன்னுச்சாமி அண்ணனும் நிற்கவில்லை. கட் நேரத்தில் எதற்கு நிற்கவேண்டும் என்று எங்காவது உட்கார்ந்திருப்பார்.

கடிதத்தை அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். வேண்டுமென்றேதான் வாசித்தேன். குச்சி அடுக்குகிற சட்டத்தைக் கீழே வைத்துவிட்டு, "ஏட்டி, கரண்டு போச்சுன்னா போனது போனதுதானா? திரும்பி வாரதுக்குத்தான போயிருக்கு. அந்தப் பையனுக்கு இது தெரியாதா?" என்றாள். உங்களைப் பற்றி அம்மா வாயிலிருந்து வந்த முதல் பேச்சு இதுதான். சந்தோஷப்படுவதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது நான் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். டிரையர் மெயின் சுவிட்சு கைப்பிடியை முழுக்க இறக்கினால், கீழே ஒரு ஓட்டை நேராக வந்து நிற்கும். போன ஆயுத பூஜைக்கு நான்தான் அதில் செவ்வந்தி மாலை கட்டினேன். மாலை கட்டவென்றே விட்ட ஓட்டை என்று அன்றைக்கு நினைத்தேன். மிஷின் செய்தவன் சாமி கும்பிடுகிறவனா என்ன? அது பூட்டுப் போடுகிற ஓட்டை மச்சான். உங்களுக்கு இது தெரியும், தெரிந்துகொண்டே விட்டிருக்கிறீர்கள்.

வீட்டில் ஆணியில் நம் பெட்டிப் பூட்டு சும்மா தொங்குகிறது. எடுத்துக்கொண்டு போங்கள். இந்தக் கவரில் துணியில் சுற்றி ஒரு சாவி வைத்திருக்கிறேன். சுவிட்சை இறக்குங்கள், பூட்டுங்கள், சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உள்ளே போங்கள். இன்னொரு சாவி என் கழுத்தில் இருக்கிறது. மூன்றாவது சாவி கிடையாது. நீங்கள் வெளியே வராமல் யாரும் அதைத் தூக்க முடியாது.

உடனே பதில் போடுங்கள். ராத்திரி கண்ணை மூடினால் அந்த பிளோயர் சத்தம்தான் கேட்கிறது.

ஆஷா


நெருப்பெரிச்சல்
25.9.2008

அன்புள்ள ஆஷாவுக்கு,

சாவி வந்து சேர்ந்தது. கோபமும் கூடவே வந்து சேர்ந்தது.

நீ சொன்னபடி செய்தேன். செய்து பட்ட பாட்டையும் கேள். போன வாரம் டிரையரில் ஒரு பேரிங் மாற்ற வேண்டியிருந்தது. சுவிட்சை இறக்கிப் பூட்டினேன். வேலை முடிந்தது, வெளியே வந்தேன், கை கழுவினேன். பூட்டைத் திறக்க மறந்துவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டேன். திரும்பி வருவதற்குள் ஊரே கூடி நிற்கிறது. கவின் தம்பி கையில் செல்போனோடு குதிக்கிறார். முதலாளி மட்டும் சத்தம் போடவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் போனார். "ஏங்கண்ணு மாரி, இது நம்ம ஊடு மாதிரி. நம்ம ஊட்டுக்குள்ள நம்மளயே வெளிய நிறுத்திப் பூட்டுனா எப்புடிக் கண்ணு? கம்பெனிச் சாவியே உங்கிட்டக் குடுத்துட்டுத்தான் நான் தோட்டத்துக்குப் போறேன். நீ உள்ள இருக்கீன்னு தெரிஞ்சா இந்தச் சுப்பண்ணன் சுவிச்சப் போட்டுருவானா? என்னைய நீ நம்பலியா?" என்றார்.

நான் என்ன சொல்ல ஆஷா? நம் ரெண்டு வீட்டாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனபோது, ரிஜிஸ்டர் ஆபீஸில் சாட்சிக் கையெழுத்துப் போட வந்தவர் அவர் ஒருவர்தான். உனக்குச் சேலை எடுத்துக் கொடுத்தார். அவர் சம்சாரம் பழனாயியம்மா கையால் அன்றைக்குச் சாப்பிட்டோம். அந்த மனுஷன் கண்ணைப் பார்த்து நம்பவில்லை என்று எப்படிச் சொல்வது? "இல்லீங்க, அப்படியெல்லாம் இல்லீங்க" என்று சொல்லிவிட்டுப் பூட்டைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, பழைய ஆணியிலேயே மாட்டிவிட்டேன்.

நீ பயப்படுகிற மாதிரி ஒன்றும் இல்லை. இனிமேல் சுவிட்சை இறக்காமல் உள்ளே போவதில்லை, பொன்னுச்சாமி அண்ணன் நிற்காமலும் போவதில்லை. போதுமா? ஆள் நிற்கும்போது பூட்டு எதற்கு? அவர் என்ன என் எதிரியா?

இனி இந்தப் பேச்சை விடு. உடம்பைப் பார்த்துக்கொள். உன் அம்மாவுக்கு என் வணக்கம். வாங்கிக்கொண்டால் சரி.

மாரி


கழுகுமலை
4.10.2008

மச்சானுக்கு,

பூட்டைத் திறக்க மறந்தது நீங்கள். பழி பூட்டின்மேல். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

முதலாளியை நான் ஒரு குறையும் சொல்லமாட்டேன். அந்தச் சேலையைத்தான் இங்கே வரும்போது கட்டிக்கொண்டு வந்தேன். ஆனால் மச்சான், நீங்கள் உள்ளே இருப்பது தெரிந்தால் அவர் போடமாட்டார், சரி. தெரியாவிட்டால்? அவர் நல்லவரா இல்லையா என்பதா இப்போது கேள்வி? நல்லவர்களுக்கு மறதி கிடையாதா, அவசரம் கிடையாதா? நீங்கள் எவ்வளவு நல்லவர், டீக்கடைக்குப் போனதும் பூட்டை மறக்கவில்லையா?

ராத்திரி வீட்டுக்கதவைத் தாழ் போட்டுத்தானே படுக்கிறோம். பக்கத்து வீட்டுக்காரர் கோபித்துக்கொண்டாரா?

என்னால் இங்கே உட்கார முடியவில்லை. தபால்காரர் மணிச் சத்தம் கேட்டால் எழுந்து ஓடுகிறேன். அம்மா திட்டுகிறாள். பக்கத்து வீட்டுச் செல் அடித்தால் சுவரோரம் போய் நின்று கேட்கிறேன். பெரியாஸ்பத்திரியில் டாக்டரம்மா பிரஷர் கூடியிருக்கிறது என்றார்கள். எதை நினைத்துக் கவலைப்படுகிறாய் என்று கேட்டார்கள். ஒரு பூட்டை நினைத்து என்று சொன்னால் சிரிப்பார்கள், அதனால் சொல்லவில்லை.

ஆகையால் முடிவாக எழுதுகிறேன். பிள்ளை பிறந்த பிறகு நான் திருப்பூர் வரமாட்டேன். டிரையருக்குள் போகும்போதெல்லாம் பூட்டிவிட்டுத்தான் போகிறேன் என்று நீங்கள் எழுதவேண்டும். சத்தியம் செய்து எழுதவேண்டும். அதுவரைக்கும் நானும் பிள்ளையும் இங்கேதான். தீப்பெட்டி ஆபீஸில் எனக்கு ஒரு சட்டம் கொடுக்காமலா போவார்கள்? மறுபடி அந்தச் செக்கிங் டேபிளில் உட்கார்ந்து ஒரு கண்ணால் போர்டைப் பார்த்துக்கொண்டே வாழ்க்கை முழுக்க என்னால் ஓட்ட முடியாது.

ஆயுத பூஜை வருகிறது. அந்த ஓட்டையில் இந்தத் தடவையும் மாலைதான் கட்டுவீர்கள். கட்டுங்கள். நன்றாகக் கட்டுங்கள்.

ஆஷா


கழுகுமலை
20.10.2008

மச்சான்,

ஆயுத பூஜை முடிந்து இத்தனை நாளாகிவிட்டது. கடிதம் இல்லை. நேற்று பக்கத்து வீட்டுச் செல்லில் கூப்பிட்டேன், சுவிட்ச் ஆஃப் என்கிறது. இன்றைக்கும் அதே. சார்ஜ் இல்லையா, என்மேல் கோபமா, வேறு எதுவுமா?

கோபமென்றால் கோபம் என்றே எழுதுங்கள். திட்டி எழுதுங்கள். வெறும் கவரையாவது போடுங்கள், மேலே உங்கள் கையெழுத்தில் என் பேர் இருந்தால் போதும்.

அம்மா தினமும் வேலை விட்டு வந்ததும், "கடுதாசி வந்துச்சா?" என்று கேட்கிறாள். இல்லையென்றால் அப்புறம் அவளும் சரியாகச் சாப்பிடுவதில்லை. நேற்று சர்ச்சில் எனக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டு ரொம்ப நேரம் இருந்தாள். யாருக்காக என்று நான் கேட்கவில்லை.

நான் வரமாட்டேன் என்று சொன்னதை வாபஸ் வாங்கமாட்டேன். ஆனால் நீங்கள் நன்றாக இருக்கவேண்டும்.

ஆஷா


நெருப்பெரிச்சல்
24.10.2008

என் ஆஷாவுக்கு,

நன்றாக இருக்கிறேன். முதலில் இதைப் படித்துவிட்டு ஒரு மூச்சு விட்டுக்கொள். கை, கால், தலை எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது. இனிமேல் எதையும் மறைத்து எழுதப்போவதில்லை.

உன் கடைசிக்கு முந்தின கடிதம் வந்ததிலிருந்து எனக்கு உன்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. வரமாட்டாளாமே, பிள்ளையை வைத்துக்கொண்டு மிரட்டுகிறாளே, என்ன அகம்பாவம் என்று தோன்றியது. பதில் போடக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன். செல்லையும் வேண்டுமென்றே அணைத்து வைத்தேன். அதற்கு நீ எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம்.

முந்தாநாள் மத்தியானம் டிரையரின் கடைசி பிளோயரில் பெல்ட் அறுந்துவிட்டது. கப்பலுக்குப் போகிற துணி, எல்லாரும் பறக்கிறார்கள். அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. இவள் சொன்னபடி பூட்டிக் காட்டுவோம், இதனால் என்ன என்ன தொல்லை வருகிறது என்று ஒன்றுவிடாமல் எழுதிப் போடுவோம், அப்போதாவது வாயை மூடுவாள் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன் ஆஷா. உன்மேல் இருந்த கோபத்தில்தான் வீட்டுக்கு ஓடிப்போய்ப் பூட்டை எடுத்து வந்தேன். ஆயுத பூஜை மாலை அந்த ஓட்டையில் காய்ந்துபோய்க் கிடந்தது. அதை அவிழ்த்துக் கீழே போட்டேன். கைப்பிடியை இறக்கினேன், பூட்டினேன், சாவியைச் சட்டைப்பையில் போட்டேன். பொன்னுச்சாமி அண்ணனையும் போர்டுப் பக்கத்தில் நிறுத்திவிட்டு உள்ளே போனேன்.

போன கொஞ்ச நேரத்தில் கரண்ட் கட் ஆகி ஜெனரேட்டர் ஓட ஆரம்பித்தது. அதில் ஏதோ குழாய் பிடுங்கிக்கொண்டு தண்ணீர் பீய்ச்சி அடித்ததாம். முதலாளி அங்கேயிருந்து, "பொன்னு, இங்க வந்து இதக் கொஞ்சம் புடி" என்று கூப்பிட்டிருக்கிறார். முதலாளி கூப்பிட்டால் யார் போகமாட்டார்கள்? உடனே வந்துவிடலாம் என்றுதான் அண்ணன் போனார். அவர் குழாயைப் பிடித்துக்கொண்டிருக்க, முதலாளி, பெல்ட் வேலை முடிந்திருக்குமே, டிரையர் இன்னும் ஏன் ஓடவில்லை என்று பார்க்க இந்தப் பக்கம் வந்தார். மாலை தரையில் கிடக்கிறது. அது இருந்த இடத்தில் பூட்டு. என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாராம். ஜெனரேட்டர் இரைச்சலில் எனக்குக் கேட்கவில்லை. சாப்பாட்டு நேரம் வேறு. போன தடவை மாதிரியே பூட்டிவிட்டு வெளியே போய்விட்டான், பூஜை மாலையையும் அவிழ்த்துத் தரையில் எறிந்துவிட்டான் என்று அவருக்குத் தலைக்கேறிவிட்டது. துணி சுற்றுகிற இரும்புக் குழாயை எடுத்துப் பூட்டின்மேல் போட்டார் ஒரு போடு.

போர்டு டிரையரின் தகரத்தோடு சேர்த்துத்தானே முடுக்கியிருக்கிறது. உள்ளே எனக்குக் கோயில் மணிக்குள் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. பெல்ட்டை மாட்டுவதற்காகக் கை ரெண்டையும் முழங்கை வரைக்கும் பிளோயருக்குள் விட்டிருந்தேன். முதல் அடியில் என்னவோ என்று நினைத்தேன். ரெண்டாவது அடியில்தான் எதை அடிக்கிறார்கள் என்று புரிந்தது. ஒருவர் சுவிட்சைத் தூக்கினால் சத்தமே வராது, எனக்குத் தெரிந்திருக்கவும் செய்யாது. பூட்டை உடைக்கச் சத்தம் வேண்டியிருக்கிறது, நேரம் வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் நான் எப்படித் தவழ்ந்தேன் என்று எனக்கே தெரியாது. முட்டியெல்லாம் தோல் உரிந்திருக்கிறது, அது ஒன்றுதான் காயம்.

வாசலில் தலையை நீட்டியபோது பூட்டு தெறித்துக் கீழே கிடந்தது. முதலாளியின் கை கைப்பிடிமேல் இருந்தது. என்னைப் பார்த்துவிட்டார். கையை எடுக்கவும் தெரியவில்லை, வைக்கவும் தெரியவில்லை அவருக்கு.

"கண்ணு... நீ உள்ளயா இருந்தே?"

"ஆமாங்க."

"பொன்னு எங்க?"

"நீங்க கூப்புட்டீங்கன்னு போயிட்டாருங்க போல."

அப்படியே துணி ரோல்மேல் உட்கார்ந்துவிட்டார். பொன்னுச்சாமி அண்ணன் நனைந்த சட்டையோடு ஓடி வந்து என்னைப் பிடித்துக்கொண்டு அழுதார். முதலாளி தண்ணீர் கேட்டார், குடிக்கவில்லை. காரைக்கூட எடுக்காமல் நடந்தே வீட்டுக்குப் போனார்.

அன்றைக்கு உனக்கு எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. ஆள் நின்றால் யாராவது கூப்பிட்டதும் போய்விடுவார், பூட்டை யாரும் கூப்பிட முடியாது. இதை நீ ஒன்றரை மாதமாகக் கத்திக்கொண்டிருந்தாய். உன்னை ஜெயிக்க நினைத்துப் பூட்டினேன். இல்லையென்றால் இந்தக் கடிதத்தை வேறு யாராவது எழுதியிருப்பார்கள்.

நேற்று காலையில் முதலாளி தானே திருப்பூர் ராயபுரம் போய் ஒரு பூட்டு வாங்கிக்கொண்டு வந்தார். கனமான பூட்டு. எல்லாரையும் கூட்டி வைத்து என் கையில் கொடுத்தார். பொன்னுச்சாமி அண்ணனுக்கும் ஒன்று. கவின் தம்பி, "அப்பா, டூப்ளிகேட் சாவிய ஆபீஸ்ல மாட்டி வெச்சரலாம், அவசரத்துக்கு ஆவும்" என்றார். முதலாளி திரும்பிப் பார்த்து, "வேண்டாங்கண்ணு. அது ஆபீஸ்ல இருந்திருந்தா நேத்து நானே எடுத்துத் தொறந்திருப்பேன். சத்தமில்லாமத் தொறந்திருப்பேன்" என்றார். பிளோயர் தானாக ஓடுகிற அந்தக் கனெக்‌ஷனை நானே பிடுங்கி எறிந்துவிட்டேன்.

போகும்போது என்னிடம் மட்டும், "இன்னொரு சாவி ஆருகிட்டக் குடுக்கப் போறே?" என்று கேட்டார். "ஆஷாகிட்டங்க" என்றேன். "அதான் சரி. அந்தப் புள்ளகிட்டயே இருக்கட்டும். என்னையக் கோவிச்சுக்க வேண்டாம்னு எழுது சாமி" என்றார்.

இதோடு அந்தப் புதுச் சாவி இருக்கிறது. உடைந்த பழைய பூட்டையும் பார்சலில் போட்டிருக்கிறேன். சத்தியம் செய்து எழுதச் சொன்னாய். பிறக்கப்போகிற பிள்ளைமேல் சத்தியமாக, பூட்டாமல் உள்ளே போகமாட்டேன். வருவதும் வராததும் இனி உன் இஷ்டம். வா என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.

உன் மாரி


கழுகுமலை
6.11.2008

என் மச்சானுக்கு,

பக்கத்து வீட்டுக்காரர் போன் செய்து சொன்னதை நீங்கள் கேட்டிருப்பீர்கள், ஆனால் நானே எழுதினால்தான் எனக்குத் திருப்தி. பெண் பிள்ளை. முதலாம் தேதி விடியற்காலையில் பிறந்தாள். உங்கள் மூக்கு, என் வாய். பசித்தால் போடுகிற சத்தத்தில் உங்கள் ஜெனரேட்டர் தோற்றுப்போகும்.

உங்கள் கடிதம் தீபாவளி கழிந்து வந்தது. தலைமாட்டில் வைத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போனேன். வலி வந்தபோது அதை மடித்துக் கையில் பிடித்திருந்தேன், நர்ஸ் பிடுங்கப் பார்த்தார்கள், கொடுக்கவில்லை. படித்து எத்தனை தடவை அழுதேன் என்று எண்ணவில்லை. நீங்கள் அந்த இரும்புக்குள் தவழ்ந்ததை நினைத்தால் எழுந்து போய்ப் பிள்ளையைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன். உங்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓங்கி நாலு அறை விடவேண்டும் போலவும் இருக்கிறது.

முதலாளிமேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொல்லுங்கள். கொஞ்சம் இருக்கிறது, ஆனால் இல்லை என்றே சொல்லுங்கள். பிள்ளைக்குப் பேர் வைக்க அவரும் பழனாயியம்மாவும் வரவேண்டும்.

என்மேல் கோபத்தில்தான் பூட்டினேன் என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் கோபம் நன்றாக இருக்கட்டும். என்மேல் பிரியத்தில் ஒரு நாள் பூட்டுவீர்கள், அடுத்த நாள் அவசரத்தில் மறந்துவிடுவீர்கள். உங்கள் பிரியம் எனக்குத் தெரியும், டீக்கடை வரைக்கும்கூடத் தாங்காது. அதனால் தினமும் கோபப்படுங்கள். இந்தச் சனியன் பிடித்தவள் சொன்னாளே என்று பல்லைக் கடித்துக்கொண்டே பூட்டுங்கள். நான் வந்த பிறகும் கோபம் குறையாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

ஆமாம், வருகிறேன். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதையும் கேளுங்கள். பார்சலைப் பிரித்தது அம்மாதான். உடைந்த பூட்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கடிதத்தை வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். இரும்புக்குழாய் வந்த இடத்தில், "போதும்ட்டி, நிப்பாட்டு" என்றாள். எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, "மேக்கொண்டு படி" என்றாள். முடிந்ததும் என் கையிலிருந்த புதுச் சாவியை வாங்கித் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள். இப்போது கேட்டால் தரமாட்டேன் என்கிறாள். "ஒங்கிட்டக் குடுத்தா நீ பிள்ளயத் தூக்கிட்டு இப்பவே பஸ் ஏறிருவ. மருமகன் வந்து கேக்கட்டும், அவுக கையில குடுக்கேன்" என்கிறாள்.

மருமகன் என்றுதான் சொன்னாள். நான் ரெண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கோழி அடிக்கப் போகிறாளாம். வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் ஆஷா